கிளிப் மூடிப் பெட்டி: துணிக்கு ஐந்துக்கு இரண்டு புள்ளி, பொலியெஸ்டர் பஞ்சுக்கு ஐந்து

கிளிப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டிகளின் விலை இறங்கியதிலிருந்து, தையல் அறைக்கு நாலைந்து வாங்கிப் போடலாமா என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். 50 லீட்டர் கொள்ளளவு, உள்ளே இருப்பது தெரியும் உடம்பு, மூடியின் உட்பக்கம் ஓடும் றப்பர் வளையம், நாலு கிளிப். இவ்வளவும் கடையில் வைத்தே பார்த்துவிடலாம். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ இரண்டு மழைக்காலம் போனபிறகு மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற பூஞ்சண வாடையைத்தான் கடையில் பார்க்க முடியாது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடலாம். துண்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ட் தைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி நிறையவே உதவுகிறது. எலி நுழையாது. இராமபாணப் பூச்சி நுழையாது. விறகடுப்புப் புகை படியாது. துணியை 6 அங்குல அகல அடிமட்டத்தில் சுற்றி உருவி, மறுபடி பாதியாக மடித்து, கோப்புகளைப் போல நிற்கவைத்தால் மடிப்பு விளிம்புகள் எல்லாம் பக்கச் சுவர் வழியே நிறநிறமாகத் தெரியும். ஒன்றை இழுத்தால் மற்றது கலையாது. இறுக்காமல் அடுக்கினால் ஒரு பெட்டியில் 8 கிலோ, அதாவது 45 அங்குலப் பருத்தியில் ஏறக்குறைய 50 யார் அடங்கும். ஜன்னலோரம் மட்டும் வைக்கவேண்டாம். வெளியே தெரியும் விளிம்பு வெளுத்துவிடும், அதுவும் சிவப்பும் ஊதாவும் முதலில்.

இனி அந்த றப்பர் வளையம். ஈரம் உள்ளே வராது என்று அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். பிடிவாதமான தொல்லையும் அதுதான். ஈரம் உள்ளே வராது, சரி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போவது எப்படி?

பருத்தி எப்போதுமே கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் தன் எடையில் 7 முதல் 8 சதவீதம். 90 சதவீதத்துக்கு ஏறினால் 12ஐத் தாண்டும். மழைநாளில் தொட்டால் காய்ந்ததாகத்தான் படும், ஆனால் அந்த 8 கிலோத் துணியில் 300 கிராமுக்கு மேல் கூடுதல் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அதை அப்படியே பூட்டிவிடுகிறோம். இரவில் அறை குளிரும்போது முதலில் குளிர்வது மூடி. அதன் உட்பக்கம் பனிமுத்துப் போல நீர் கோர்த்து, மேல்மடிப்பில் சொட்டுகிறது. சிமெந்துத் தரையில் நேரே வைத்த பெட்டியில் இதே வேலை அடியிலும் நடக்கும். வெளிச்சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி, அடியில் 2 அங்குல மரச்சட்டம் கொடுத்தால் பாதித் தொல்லை குறையும். மீதிப் பாதி குறையாது.

சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு கணக்குப் போடட்டும். அது தன் எடையில் கால்பங்கு, கொஞ்சம் கூடினால் மூன்றில் ஒருபங்கு தண்ணீர் குடிக்கும். 300 கிராம் தண்ணீரை இழுக்க ஒரு கிலோவாவது வேண்டும். 5 கிராம் பொட்டலம் நாலு வைப்பது வெள்ளத்துக்குக் கைக்குட்டை போடுகிற கதை. கிலோக் கணக்கில் வாங்குவதானால் துணிப்பையில் கட்டி வையுங்கள். நிறம் மாறியதும் 120 பாகையில் ஒன்றிரண்டு மணிநேரம் சூடாக்கினால் திரும்பவும் வேலை செய்யும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் என்ற நச்சுப்பொருள் கலந்திருக்கும். சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம்.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூளை 3 சதவீத ஈரம் வரை காயவைத்துத்தான் பொதி கட்டுவார்கள். அந்தக் காலத்து ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டியும் காய்ந்ததைக் காய்ந்தபடி வைத்திருந்ததே தவிர, எதையும் காயவைக்கவில்லை. துணிக்கும் அதே முறைதான். வெயில் உள்ள நாளில் காலை 10 மணிக்குமேல் விரித்து, நீராவி இல்லாத அயர்ன் பெட்டியால் தேய்த்து, சூடு ஆறியதும் பிற்பகல் 2 மணிக்குள் பூட்டிவிட வேண்டும். மாலை மூடுபனி இறங்கினபிறகு மடித்தால் செய்த வேலை வீண். மாதமும் இடத்துக்கு இடம் மாறும். நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பெப்ரவரியும் மார்ச்சும்தான் வாய்ப்பு. பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்று மழையில்லாமல் வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஹட்டன்காரர் சொன்ன மாதத்தில் பதுளைக்காரர் அடுக்கினால் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம், பெட்டியோடு வராத ஒரு சாமான்: தீப்பெட்டி அளவு டிஜிட்டல் ஈரமானி. அதைத் துணிக்கு நடுவில் வைத்துப் பூட்டி, 24 மணிநேரம் கழித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தைத் தீர்மானிப்பது துணிதான் என்பதால், அந்த எண் துணியின் உண்மையைச் சொல்லிவிடும். 60க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். 65ஐத் தாண்டினால் வெளியே எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். மலிவான மானி ஐந்து புள்ளி முன்னே பின்னே காட்டும். சோதிக்க, ஒரு சோடா மூடியில் உப்பைப் போட்டு, சேறு பதம் வரும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒருநாள் விடுங்கள். 75 காட்டவேண்டும். 71 காட்டினால் எப்போதும் நாலு கூட்டி வாசியுங்கள்.

கிளிப்புகள்? உடையும். அளவுக்கு மீறித் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி, பாரம் முழுக்கக் கிளிப்பின் மெல்லிய மடிப்பில் விழுகிறது. குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது அவசரமாக இழுத்தால் டக். உதிரிக் கிளிப் தனியாகக் கிடைப்பதில்லை. பழைய சைக்கிள் டியூபை 1 அங்குலப் பட்டையாக வெட்டி முடிச்சிட்டுப் பெட்டியைச் சுற்றிப் போட்டால் கிளிப்பைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. மூன்று பெட்டிக்குமேல் அடுக்கவேண்டாம், அடிப்பெட்டியின் மூடி நடுவில் குழிந்துவிடும்.

பெட்டிக்குள் போகக்கூடாதவையும் உண்டு. கஞ்சி போட்ட துணி போகக்கூடாது. பூஞ்சணத்துக்கும் இராமபாணத்துக்கும் அது விருந்து. வெட்டுவதற்கு விறைப்பு வேண்டுமானால் வெட்டும் அன்றைக்குக் கஞ்சி போட்டால் போதும். பூச்சி உருண்டையும் வேண்டாம்: அது கம்பளி தின்னும் பூச்சிக்கானது, பூஞ்சணத்துக்கு அதை நம்ப முடியாது, நாற்றம் மட்டும் போர்வை வரைக்கும் வரும். அரிசி முடிச்சு வைத்தால் வண்டு வரும். குண்டூசி குத்திய துண்டு ஒன்றுகூட வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் துருப்புள்ளி விழும். வெள்ளைத் துணியென்றால் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டு எடுக்கலாம், நிறத்துணியென்றால் நிறமும் சேர்ந்து போய்விடும். ஒட்டுநாடாவில் எழுதிய பெயர்ச்சீட்டு இந்த ஈரத்தில் உரிந்துவிடும். ஒரு துண்டுத் துணியில் பெயரைப் பென்சிலால் எழுதிக் கைப்பிடியில் தைத்துவிடுங்கள். ஸ்டேப்பிள் அடித்தால் அதுவும் துருப்பிடிக்கும்.

ஆடைத் தொழிற்சாலையிலிருந்து கிலோக் கணக்கில் வரும் வெட்டுத்துண்டுகளை இதில் கொட்டுவது வீண். 2½ அங்குலப் பட்டை, 5 அங்குலச் சதுரம் என்று வந்தவுடனே வெட்டிச் சப்பாத்துப் பெட்டிகளில் போட்டால் போதும். 1½ அங்குலத்துக்குக் கீழே உள்ளது தலையணைக்குள் போகட்டும்.

போர்வையின் நடு அடுக்காக வைக்கும் பொலியெஸ்டர் பஞ்சுத்தாளுக்கு இந்தப் பெட்டி ஐந்துக்கு ஐந்து. அது தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதேயில்லை, ஆகவே பூட்டினாலும் பயமில்லை. இலவம்பஞ்சுக்கும் பருத்திப் பஞ்சுத்தாளுக்கும் துணிக்குச் சொன்னதுதான். தினமும் கைபடும் பருத்தித் துணிக்கு ஐந்துக்கு இரண்டு, மேலே எழுதிய புகழ்ச்சி எல்லாம் உண்மையாக இருந்தும். எட்டு மாதம் ஈரமாக இருக்கும் ஊரில், வெயில் மாதம் பார்த்து மட்டும் பூட்டவேண்டிய பெட்டி யாருக்கு? சுவரிலிருந்து தள்ளிய மர றாக்கையும் அதற்கு ஒரு பழைய சேலைத் திரையும் இதைவிடக் குறைந்த செலவில் துணியை மூச்சுவிட விடும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியை எறியவேண்டாம். அடிக்கடி திறக்கும் பெட்டியில் மூடியின் றப்பர் வளையத்தை ஒரு முனையில் நெம்பி உருவி எடுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. வெயில் வரும் நாளில் துணி தானாகவே காயும், எலியும் வராது. கூடுதல் காசு கொடுத்தது அந்த றப்பருக்காகத்தான் என்பதை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது.