மருந்தின் அளவைக் கூட்டுவதா, இடைவெளி விடுவதா?

கவனக்குறைவு மற்றும் அதீத துருதுருப்புக் கோளாறுக்கு (ADHD) கொடுக்கப்படும் மெதைல்பெனிடேட் மருந்து முன்போல் வேலை செய்யவில்லை என்று மட்டக்களப்பில் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் பெற்றோர் சொல்லும்போது, வைத்தியர் முன் இரண்டு வழிகள் உள்ளன. அளவைக் கூட்டினால் பலன் விரைவில் தெரியலாம். ஆனால் பசி குறையும், நித்திரை கெடும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறக்கூடும், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் என்ற வழமையான உச்சவரம்பும் நெருங்கும்.

வைத்தியரின் ஆலோசனையுடன் வார இறுதியிலோ பாடசாலை விடுமுறையிலோ மருந்தை நிறுத்திவைப்பது பசியையும் எடையையும் மீட்க உதவுகிறது. எனினும் அந்நாட்களில் துருதுருப்பும் கவனச்சிதறலும் திரும்பும், பிள்ளை யோசியாமல் தண்ணீரில் இறங்கிவிடக்கூடும் என்பதால் வாவியோரத்தில் குடியிருப்பவர்கள் இதை இலேசாக எடுக்கக் கூடாது. பரீட்சைக் காலம் அல்லாவிடில் இடைவெளியையே முதலில் பேசலாம் என்பது என் கணிப்பு; ஆயினும் அதற்கும் முன்னர், மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறதா, பிள்ளை வளர்ந்து எடை கூடியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.