ஸ்டிக்கர் ஒன்று, பம்ப் வேறு: ஃபுல் சைஸ் பிக்கப்புகளின் நிஜ மைலேஜ்

அமெரிக்காவில் ஃபுல் சைஸ் பிக்கப் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இபிஏ (அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) ஸ்டிக்கரைக் காட்டி யாராவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனையில் வண்டி ஓடிய மாதிரி உங்கள் வண்டி ஓடப் போவதில்லை. என்ன வேகம், எந்த ஆக்ஸில் ரேஷியோ (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற விகிதம்), என்ன டயர், பின்னால் எதைக் கட்டி இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, ஒரே எஞ்சின் போட்ட இரண்டு வண்டிகளுக்கு நடுவிலேயே 5 எம்பிஜி (ஒரு கேலனுக்கு இத்தனை மைல் என்ற கணக்கு) வித்தியாசம் வந்துவிடும். ஃபோர்டா செவியா (செவ்ரோலே) என்று மணிக்கணக்கில் வாதாடி மிச்சம் பிடிக்கிற மைலேஜ் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

இங்கே எடுத்துக்கொண்டது அரை டன் வகை, அதாவது ஃபுல் சைஸில் எடை குறைந்த வகை மட்டும்: ஃபோர்டு எஃப்-150, செவி சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா. ஜிஎம்சி சியரா 1500-க்கும் சில்வராடோவுக்கும் எஞ்சின்கள் ஒன்றே என்பதால் அதற்குத் தனியாகச் சொல்ல எதுவுமில்லை. எஃப்-250, ராம் 2500 போன்றவை மொத்த எடை வரம்பில் 8,500 பவுண்டைத் தாண்டுவதால் அவற்றுக்கு மைலேஜ் ஸ்டிக்கரே கிடையாது. லிட்டர் கணக்கில் யோசித்துப் பழகியவர்கள் எம்பிஜியை 0.425-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 20 எம்பிஜி என்றால் லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர்.

ஸ்டிக்கரில் இருக்கும் ஹைவே எண்ணுக்கு அடிப்படையான சோதனை, ஆய்வகத்தில் உருளைகளின் மேல் ஓட்டுவது. அதன் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்ச வேகம் 60. வேகமான ஓட்டம், ஏசி, குளிர் ஆகியவற்றுக்காகக் கிடைத்த எண்ணைக் கொஞ்சம் குறைத்துத்தான் ஸ்டிக்கரில் போடுகிறார்கள். ஆனாலும் டெக்சஸில் ஐ-10 நெடுஞ்சாலையின் மேற்குப் பகுதியில் 80-இல் போகிற வண்டிக்கு அந்தக் கழிவு போதாது. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 65-இலிருந்து 80-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்கு. நிமிர்ந்த முகமும் உயரமான உடலும் கொண்ட பிக்கப் இந்த விஷயத்தில் எந்த செடானைவிடவும் அதிகமாக அடி வாங்கும். 70-இலிருந்து 80-க்கு ஏற்றினால் 3 முதல் 4 எம்பிஜி போய்விடும். ஹைவே எண்ணை எட்ட வேண்டுமானால் 65-இல் குரூஸ் கன்ட்ரோல் போட வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எம்பிஜி என்ற கணக்கு கண்ணை ஏமாற்றும். வருடம் 12,000 மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 எம்பிஜி வண்டி 800 கேலன் குடிக்கும். 20 எம்பிஜி வண்டி 600. 25 எம்பிஜி வண்டி 480. முதல் ஐந்துக்கு 200 கேலன் மிச்சம், அடுத்த ஐந்துக்கு 120 மட்டுமே. ஆகவே 15-இல் கிடக்கும் பழைய வி8-ஐக் கொடுத்துவிட்டு 20-க்கு வருவதுதான் பெரிய லாபம். 22-ஐ 24 ஆக்குவதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் கால்குலேட்டரை எடுங்கள்.

எஞ்சின் வாரியாக

எஃப்-150-இல் மைலேஜ் மட்டும் முக்கியம் என்றால் எடுக்க வேண்டியது 2.7 லிட்டர் ஈகோபூஸ்ட், ஃபோர்டின் டர்போ பெட்ரோல் எஞ்சின். 2021 மாடலில் 4x4-க்கு சிட்டி 19, ஹைவே 24 என்று ஸ்டிக்கர். காலியாக, சமதளத்தில், 70-இல் 22-லிருந்து 24 வரை எதிர்பார்க்கலாம். சின்ன டர்போ எஞ்சின், மிதித்தால் சாதாரண எஞ்சினைவிட அதிகமாகக் குடிக்கும். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது சிலிண்டருக்குள் வெப்பம் கூடுகிறது; அதைத் தணிக்கக் கணினி கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றும். மலை ஏற்றத்திலும் டிரெய்லரோடும் ஈகோபூஸ்ட் வண்டிகளின் மைலேஜ் திடீரென்று சரிவதற்கு இதுதான் காரணம். 3.5 ஈகோபூஸ்ட்டுக்கும் இதே குணம்தான், காலி ஓட்டத்தில் 2 அல்லது 3 எம்பிஜி குறைவு.

ஹைபிரிட் பவர்பூஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் தவறான வேலைக்கு வாங்குகிறார்கள். 2021-இல் வந்தபோது 4x4 பவர்பூஸ்ட்டுக்கு சிட்டி 24, ஹைவே 24. அதே 3.5 எஞ்சின் ஹைபிரிட் இல்லாமல் 4x4-இல் சிட்டி 18, ஹைவே 23. அதாவது ஊருக்குள் ஆறு எம்பிஜி லாபம், ஹைவேயில் ஒன்றே ஒன்று. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை 1.5 கிலோவாட்-அவர் பேட்டரியில் சேமித்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. சிக்னல், பள்ளி வாசல் வரிசை, நெரிசல் என்று நாள் கழிகிறவருக்கு இது அருமையான வண்டி. காலையில் ஏறி நூறு மைல் நேர்கோட்டில் போகிறவருக்கு அந்தப் பேட்டரி சுமை மட்டுமே. குளிர்காலத்தில் கேபினைச் சூடாக்க எஞ்சின் ஓடியே தீர வேண்டும் என்பதால், ஹைபிரிட்டின் லாபம் மற்ற வண்டிகளைவிட வேகமாகக் கரையும். கடுங்குளிர் மாநிலமான மினசோட்டாவில் வாங்குகிறவர் ஜனவரி மைலேஜைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஹைவேக்கு ராஜா சில்வராடோவின் 3.0 லிட்டர் டியூராமேக்ஸ் டீசல், இன்லைன் ஆறு சிலிண்டர். 2020 மாடலில் 2 வீல் டிரைவுக்கு சிட்டி 23, ஹைவே 33 என்று வந்தது. பிந்தைய மாடல்களின் ஹைவே எண் 30-க்குக் கீழே இறங்கியது; ஆனாலும் 65-70 வேகத்தில் 27, 28 காட்டுவது இந்த அளவு வண்டியில் வேறு எந்த எஞ்சினாலும் முடியாது. ஃபோர்டு தன் எஃப்-150 டீசலை 2021-இலும், ராம் தன் ஈகோடீசலை 2023-இலும் நிறுத்திவிட்டதால், இன்று அரை டன்னில் புதிதாக டீசல் வேண்டுமென்றால் செவி, ஜிஎம்சி இரண்டின் தாய் நிறுவனமான ஜிஎம் கடைதான்.

டீசலின் கணக்கு எம்பிஜியோடு முடிவதில்லை. உங்கள் ஊரில் டீசல் விலையை ரெகுலர் பெட்ரோல் விலையால் வகுத்துப் பாருங்கள். டீசல் 20 சதவீதம் அதிகம் என்றால், 18 எம்பிஜி பெட்ரோல் வண்டிக்கு ஈடுகட்டவே டீசல் வண்டி 21.6 கொடுக்க வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் டிஇஎஃப் திரவச் செலவு தனி. புகைப்போக்கியில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி நிறைந்ததும் அதை எரிக்க வண்டி தானாகவே கூடுதல் டீசலைச் செலவழிக்கும், ரீஜென் என்பார்கள். அப்போது திரையில் மைலேஜ் சட்டென்று விழும், ஐட்லில் ஆர்பிஎம் ஏறி நிற்கும், வெப்ப வாடை வரும். நீண்ட ஹைவே ஓட்டத்தில் இது நடந்ததே தெரியாது. தினமும் மூன்று மைல் ஓட்டி நிறுத்துகிறவருக்கு ரீஜென் பாதியில் அறுந்து, திரும்பத் திரும்பத் தொடங்கி, டீசலின் லாபம் முழுவதையும் தின்றுவிடும்.

சில்வராடோவின் 5.3 வி8 வேறு கதை. தேவையில்லாத சிலிண்டர்களை நிறுத்தும் டைனமிக் ஃபியூயல் மேனேஜ்மென்ட் 17 விதமான சேர்க்கைகளில் இயங்கும். சமதளத்தில் மென்மையாக ஓட்டினால் ஹைவேயில் 20-ஐ ஒட்டி வரும். ஊருக்குள் 14, 15. நான்கு சிலிண்டர் 2.7 டர்போமேக்ஸ் என்றால் மைலேஜ் அள்ளும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். 5.3-ஐவிட ஓர் எம்பிஜி கூடினாலே அதிகம். அதன் பலம் கீழ் ஆர்பிஎம்மில் கிடைக்கும் 430 பவுண்டு-அடி டார்க் (சுழற்று விசை). 6.2 வி8-க்கு பிரீமியம் பெட்ரோலைப் பரிந்துரைக்கிறார்கள் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் அந்த எஞ்சினுக்குப் பெரிய ரீகால் வந்தது; பரிசோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0W-20-க்குப் பதில் கெட்டியான 0W-40 ஆயில் ஊற்றச் சொன்னார்கள். பழைய வண்டி வாங்குகிறவர் அந்த வேலை முடிந்ததா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

ராமின் 5.7 ஹெமி வி8 4x4, ஈடார்க் (ராமின் சிறிய ஹைபிரிட் உதவி) இல்லாமல் சிட்டி 15, ஹைவே 21. ஈடார்க்கோடு 17, 22. நிஜத்தில் ஊருக்குள் 13-15. பரிந்துரைக்கப்படும் பெட்ரோல் 89 ஆக்டேன். 3.6 வி6 ஈடார்க் மைலேஜில் நல்ல எஞ்சின், ஆனால் டிரெய்லர் கட்டினால் கியர் மாற்றிக்கொண்டே திணறும். டண்ட்ராவில் பழைய 5.7 வி8 4x4-க்கு 13, 17 என்று இருந்தது. 2022-இல் வந்த டர்போ வி6 4x4-க்கு 17, 22. பெரிய முன்னேற்றம். ஹைபிரிட் டண்ட்ரா 19, 22 மட்டுமே. அது 583 பவுண்டு-அடி இழுவைக்காகச் செய்த ஹைபிரிட். பெட்ரோல் மிச்சம் பிடிக்க அதை வாங்க வேண்டாம்.

ஆக்ஸிலும் டயரும்

விற்பனையாளர் பெரும்பாலும் சொல்லாத விஷயம் ஆக்ஸில் ரேஷியோ. ராமில் 3.21, 3.55, 3.92 என்று கிடைக்கும், சில்வராடோவில் 3.23, 3.42, 3.73. எண் கூடக் கூட இழுவை நன்றாக இருக்கும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுற்றும். 3.21-க்கும் 3.92-க்கும் நடுவே, அதே கியரில், 22 சதவீதம் கூடுதல் சுற்று. எதையும் இழுக்காதவர் 'மேக்ஸ் டோ' எனும் அதிக இழுவைக்கான பேக்கேஜ் உள்ள வண்டியைத் தள்ளுபடியில் எடுத்தால், அந்தத் தள்ளுபடியைக் கொஞ்சம் கொஞ்சமாக பம்பில் திருப்பிக் கொடுப்பார். ஜிஎம் வண்டிகளில் ஆப்ஷன் குறியீட்டைப் பாருங்கள்: ஜியு5 என்றால் 3.23, ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73. ஃபோர்டில் ஓட்டுநர் கதவின் ஓரத்து ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு இருக்கும்.

டயரில் இரண்டு சங்கதிகள். ஆல் டெரெயின் டயர் எடையாலும் உருளும்போது தரும் தடையாலும் 1 முதல் 2 எம்பிஜி எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, பெரிய டயர் ஓடோமீட்டரையே தவறாக்கும். கம்பெனி போட்ட 275/65ஆர்18 டயரின் விட்டம் 32.1 அங்குலம். அதை எடுத்துவிட்டு 35 அங்குல டயர் போட்டால், அளந்து பார்க்கையில் 34.7 இருக்கும், வித்தியாசம் 8 சதவீதம். நிஜமாக 400 மைல் ஓடினால் மீட்டர் 370 என்று காட்டும். மைலேஜ் படுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் புலம்பலில் பாதி இந்தத் திருத்தம் செய்யாததால் வருவது. லெவலிங் கிட் போட்டு முன்பக்கத்தை உயர்த்துவதும், பம்பருக்குக் கீழே தொங்கும் ஏர் டேமைக் கழற்றுவதும் ஹைவே மைலேஜை நேரடியாகக் குறைக்கும். டெயில்கேட்டைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்று எளிதாகப் போகும் என்பது தவறு. மூடியிருக்கும்போது பின்தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கி அனுப்புகிறது. திறந்தால் அது கலைந்துவிடும்.

டிரெய்லர் கட்டினால்

உயரமான டிராவல் டிரெய்லரைக் கட்டியதும் மேலே சொன்ன எல்லா எஞ்சின் வித்தியாசங்களும் சுருங்கிவிடும். பெட்ரோல் வண்டிகள் எல்லாமே 8-லிருந்து 10 எம்பிஜிக்கு வந்து நிற்கும், டீசல் 11-13. சமதளத்தில் எடையைவிட முன்பரப்புதான் குடிக்கும்: தாழ்வான படகு 6,000 பவுண்டு இருந்தாலும், 4,500 பவுண்டுப் பெட்டி டிரெய்லரைவிட நல்ல மைலேஜ் தரும். 24 கேலன் டாங்க் உள்ள சில்வராடோவில் 3 கேலனைக் கையிருப்பாக விட்டால், 9 எம்பிஜியில் 190 மைலுக்கு ஒருமுறை பம்ப் தேட வேண்டும். டோ/ஹால் மோடை (சுமை இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றும் பட்டன்) போட்டுவிட்டு 62-65-இல் போவது சிக்கனம் மட்டுமல்ல; வேகக் குறியீடு இல்லாத எஸ்டி (டிரெய்லருக்கென்றே செய்த) வகை டயர்களுக்கு 65 மைல்தான் வரம்பு.

அளக்கும் முறை

திரையில் வரும் சராசரி மைலேஜை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் 1 எம்பிஜி வரை கூட்டியே காட்டும். டாங்கை நிரப்பி, பம்ப் முதல் கிளிக்கில் நின்றதும் நிறுத்திவிட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். கால் டாங்க் மிச்சம் இருக்கும்வரை ஓட்டி, அதே பம்பில், வண்டி அதே திசையில் நிற்க, மறுபடி முதல் கிளிக் வரை நிரப்புங்கள். ஓடிய மைலை நிரப்பிய கேலனால் வகுத்தால் விடை. பெரிய டாங்குகளில் கிளிக் விழும் இடம் முக்கால் கேலன்வரை முன்பின் ஆகும். 8 கேலன் மட்டும் நிரப்பினால் பிழை 9 சதவீதம். நான்கைந்து டாங்குகளின் மைலையும் கேலனையும் மொத்தமாகக் கூட்டி வகுத்தால் அது கரைந்துவிடும். அந்த டாங்குகள் எல்லாவற்றிலும் ஒரே வகைப் பெட்ரோல் இருக்கட்டும். ஃபிளெக்ஸ் ஃபியூயல் வண்டியில் இ85 (எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல்) ஊற்றினால் மைலேஜ் கால் பங்கு வரை விழும். விலை அந்த அளவுக்குக் குறைவாக இருந்தாலொழிய லாபமில்லை.

பழைய டீசல் சில்வராடோவைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு கடைசி விஷயம். 2022 வரை வந்த எல்எம்2 எஞ்சினில் (3.0 டியூராமேக்ஸின் முதல் வடிவம்) ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது; 150,000 மைலில் மாற்ற வேண்டும், மாற்ற டிரான்ஸ்மிஷனையே இறக்க வேண்டும். 130,000 மைல் ஓடிய வண்டி மலிவாக வருகிறதென்றால், அந்த வேலைக்கு இரண்டு கடைகளில் விலை கேட்டு, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.