பில்லில் புது சீட் பெல்ட், வண்டியில் வெடித்துப்போன பழைய பெல்ட்: விபத்துக்குப் பிறகு கார் ரிப்பேருக்கு விடுபவர்கள் கவனத்துக்கு

விபத்தில் அடிபட்ட காரை இன்சூரன்ஸ் கிளெய்மில் சரிசெய்யக் கொடுத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். டெலிவரி நேரத்தில் உங்கள் போனுக்கு ஓர் ஓடிபி வரலாம், அல்லது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். கேட் பாஸ் போடுவதற்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் "வேலை எல்லாம் திருப்தியாக முடிந்தது, ஒர்க்‌ஷாப்புக்குப் பணத்தைக் கொடுத்துவிடலாம்" என்று நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுக்கும் ஒப்புதல் அது. பில்லில் புதிது என்று போட்டிருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் வண்டியில் கண்ணால் பார்க்கும்வரை அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிளைச்சாலையிலிருந்து பார்க்காமல் திரும்பிய ஒரு வண்டியோடு என் காரின் முன்பக்க மூலை மோதியது. யாருக்கும் காயம் இல்லை. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) போயின, பானெட் மடங்கியது, பம்பருக்குப் பின்னால் குறுக்கே இருக்கும் இரும்பு பீம் உள்ளே போய் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தையும் தள்ளிவிட்டது. ஏர்பேக் விரியவில்லை, ஆனால் ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டின் பிரீடென்ஷனர் வெடித்துவிட்டது. பல வண்டிகளில் ஏர்பேக் விரியத் தேவைப்படும் வேகத்துக்குக் குறைவான மோதலிலேயே பிரீடென்ஷனர் வேலை செய்துவிடும் என்பதால், "ஏர்பேக் வெடிக்கல, அதனால உள்ளே ஒண்ணும் ஆகல" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பிரீடென்ஷனர் என்பது பெல்ட்டோடு சேர்ந்திருக்கும் ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பி. மோதிய மறுகணம், நம் உடம்பு முன்னால் பாயும் முன்பே, அது வெடித்துப் பெல்ட்டைச் சுண்டி இழுத்து நம்மை சீட்டோடு இறுக்கிப் பிடிக்கும். ஒருமுறை வெடித்தால் அவ்வளவுதான், அதை ரிப்பேர் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயரும் இதில் எந்தத் தகராறும் செய்யவில்லை. வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு பெல்ட், பக்கிள் (பெல்ட்டின் நாக்கைச் செருகும் பூட்டு), பம்பர், பீம், ஹெட்லைட் எல்லாம் புதிது என்றும், முன்பக்கச் சட்டத்தில் ஓர் இடம் மட்டும் ரிப்பேர் என்றும் எழுதினார். ஒர்க்‌ஷாப்பும் இன்சூரன்ஸ் கம்பெனியே பட்டியலில் வைத்திருக்கும் கேஷ்லெஸ் இடம்தான், அதாவது பில் பணத்தைக் கம்பெனியே நேராக அவர்களுக்குக் கொடுத்துவிடும்.

டெலிவரி எடுக்கச் சொன்னது சாயங்காலம், அவர்கள் கதவை மூடும் நேரம். வண்டி கழுவிப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. சர்வீஸ் அட்வைசர் தம்பி போனும் கையுமாக வந்தார்.

"சார், ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க."

"எதுக்கு தம்பி?"

"டெலிவரிக்குத்தான் சார், சிஸ்டம்ல கேக்குது. அது போட்டாத்தான் கேட் பாஸ் வரும்."

வந்த செய்தியிலும் கிளெய்ம் எண்ணும் ஓடிபியும் மட்டும்தான் இருந்தன, எதற்கான ஒப்புதல் என்று ஒரு வரிகூட இல்லை. பில்லைக் கேட்டதற்கு, ஃபைனல் பில் மெயிலில் வரும் என்றார்கள். வந்தது, வண்டி வீட்டுக்கு வந்த பிறகு.

முதலில் கண்ணில் பட்டது பக்கிள். பக்கத்து சீட்டின் பக்கிள் கைக்கு எட்டும் உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறது, என் பக்கத்துப் பக்கிள் சீட் ஓரத்தில் இறங்கிக் கிடக்கிறது, அதன் தண்டைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் உறை மடிப்பு மடிப்பாக நசுங்கியிருக்கிறது. என் வண்டியில் பிரீடென்ஷனர் பக்கிளில்தான் இருக்கிறது, வெடிக்கும்போது அது பக்கிளைக் கீழே இழுக்கும். அதாவது மோதிய அன்று எந்த நிலையில் இருந்ததோ அதே நிலை. அப்புறம் பெல்ட்டை முழுக்க இழுத்து, கீழே தரையோரம் தைத்திருக்கும் துணி லேபிளைப் பார்த்தேன். அதில் இருந்த தயாரிப்பு வருடம் வண்டி வாங்கிய வருடம். பில்லிலோ பெல்ட், பக்கிள் இரண்டுமே புதிது.

அப்படியென்றால் டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டுமே, ஏன் எரியவில்லை? தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சீட்டுக்கு அடியில் குனிந்து மஞ்சள் கனெக்டரைத் தேடினார் (ஏர்பேக், பிரீடென்ஷனர் ஒயரிங்குக்குப் பொதுவாக மஞ்சள் நிறம்தான்). கனெக்டர் பக்கிளில் மாட்டியிருக்கவில்லை. அதன் வாயில் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ரெசிஸ்டரைச் செருகி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, கார்ப்பெட்டுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டருக்கு அங்கே நல்ல பிரீடென்ஷனர் இருப்பதுபோல ஒரு மின்தடை தெரியும், விளக்கு அணைந்துவிடும். அடுத்த மோதலில் அந்தப் பெல்ட் இறுகாது. ஸ்கேனர் போட்டால்கூடப் பழுது காட்டாது.

அந்த டேப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. பம்பரில் ஏமாற்றினால் பணம் போகும், சரி. இது உயிர். இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் கொண்டுவந்தவர் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின். அதன் காப்புரிமையை வைத்துப் பணம் பண்ணாமல் எல்லா கார் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ திறந்துவிட்டது. உயிர் காக்கட்டும் என்று அப்படி விட்டுக்கொடுத்த ஒரு பொருளில், ஒரு பாகத்தின் காசை அமுக்குவதற்காக டேப் சுற்றி ஒளித்துவைக்க எப்படி மனசு வருகிறது?

பிறகு ஒன்றையும் விடவில்லை. பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தில் பெரும்பாலும் கடிகார முகம்போல ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும், சுற்றிலும் 1 முதல் 12 வரை, நடுவில் ஓர் அம்பும் வருடத்தின் கடைசி இரண்டு எண்களும். அம்பு காட்டுவது அது வார்க்கப்பட்ட மாதம். பம்பரில் அது புதிய தேதி, உண்மையிலேயே மாற்றியிருக்கிறார்கள். ஹெட்லைட்டில் பழைய தேதி. கண்ணாடிக்கு பாலிஷ் போட்டு, உடைந்த காதுகளைப் பசையால் ஒட்டித் திரும்ப மாட்டியிருந்தார்கள், அடுத்த மழைக்கே உள்ளே ஆவி படிந்துவிட்டது. பீமைத் தட்டி நிமிர்த்திக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது தட்டி நிமிர்த்தக்கூடிய பாகமே இல்லை. முன்பக்க இரும்பு மோதலின் விசையைத் தான் வாங்கி மடங்குவதற்காகவே அமைக்கப்பட்டது. ஒருமுறை மடங்கியதை நிமிர்த்தினால் பார்வைக்கு நேராக இருக்கும், அடுத்த முறை முதலில் மடங்கியதுபோல மடங்காது. இப்போது வரும் வண்டிகளின் உயர்பலம் கொண்ட எஃகைச் சூடு காட்டி வளைத்தால் அதன் பலமே குறைந்துவிடும்.

இதில் ஏமாந்தது இன்சூரன்ஸ் கம்பெனிதானே, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புது பாகம் போட்டால் தேய்மானம் என்று ஒரு பங்கு பல பாலிசிகளில் நம் தலையில்தான் விழும், அதை நான் கட்டியிருக்கிறேன், வராத பாகத்துக்கு. கிளெய்ம் எடுத்ததால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் எடுக்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போயிற்று. இரண்டு பக்கமும் கறந்துவிட்டு, நடுவில் என்னைப் பழைய பெல்ட்டோடு சாலையில் விட்டிருக்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது மேனேஜர் முதலில் "வாய்ப்பே இல்லை சார்" என்றார், போட்டோவைக் காட்டியதும் "டெக்னீஷியன் மறந்துட்டான் போல, கொண்டுவாங்க மாத்திக் குடுத்துடறோம்" என்றார். மறந்து போனவன் ரெசிஸ்டரை வாங்கி வந்து டேப் சுற்றுவானா? உடனே கொண்டுபோயிருந்தால் ஆதாரம் எல்லாம் அவர்கள் கைக்குப் போயிருக்கும். இதுபோல நடந்தால் எதையும் கழற்றாமல், கனெக்டர், லேபிள், தேதி வட்டம் எல்லாவற்றையும் கிலோமீட்டர் மீட்டர் தெரிகிற மாதிரியும், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரியும் வீடியோ எடுத்துவைத்துக்கொண்டு அப்புறம் பேசுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரே பதில்தான்: "நீங்க ஓடிபி குடுத்து கன்ஃபர்ம் பண்ணிட்டீங்க சார், கிளெய்ம் குளோஸ் ஆயிடுச்சு." போனில் பேசுவதால் பைசா பிரயோஜனம் இல்லை. எழுத்தில் கேட்டேன், மெயிலில், குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு பிரதி போட்டு. கேட்டது மூன்று விஷயம்: சர்வே ரிப்போர்ட், ஒர்க்‌ஷாப் கொடுத்த பில், வேலை முடிந்ததும் அவர்கள் அனுப்பிய போட்டோக்கள். இந்த போட்டோக்களில்தான் கம்பெனியே வாயடைத்துப் போனது. புது பக்கிள், தயாரிப்பாளரின் கவரோடு, என் வண்டியின் பானெட் மேல் வைத்து எடுத்த படம். கவரில் இருந்த ஸ்டிக்கரின் சீரியல் எண்ணும் தெளிவாகத் தெரிந்தது, என் வண்டியில் இருந்த பக்கிளின் எண் வேறு. வாங்கியிருக்கிறார்கள், படம் எடுத்திருக்கிறார்கள், மாட்டவில்லை. மாட்டிய பிறகு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை, கம்பெனியும் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து போட்டோ பார்த்துக் கிளெய்மை முடித்தால் இதுதான் நடக்கும். வேலை முடிந்ததும் சர்வேயர் நேரில் வந்து மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று வண்டியை விடும்போதே எழுதிக் கேளுங்கள், உயிர் காக்கும் பாகங்கள் மாறும் கிளெய்மில் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று, கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் அவை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம், நமக்குத் தர மாட்டார்கள், ஆனால் கண்ணால் பார்ப்பதைத் தடுக்க முடியாது. உடைந்த ஹெட்லைட் எங்கே என்று கேட்டால் அவர்களால் காட்ட முடியவில்லை என்றால் அது வண்டியிலேயே இருக்கலாம். டெலிவரிக்குப் பகல் வெளிச்சத்தில் போங்கள். பில்லைக் கையில் வாங்கிவைத்து வரி வரியாகப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லையென்றால் விளக்கையே கழற்றியிருக்கலாம், எரிந்து அணைந்தாலும் என் கதைபோல இருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். வீல் அலைன்மென்ட் எடுத்தோம் என்றால் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உள்ள பிரிண்ட் அவுட் கேளுங்கள். பம்பரிலோ முன்கண்ணாடியிலோ ராடார், கேமரா உள்ள வண்டி என்றால் அவற்றைத் திரும்பக் காலிபரேட் செய்த (சரியான கோணத்துக்கு அமைத்த) அறிக்கையும் வேண்டும், கோணம் கொஞ்சம் பிசகினாலும் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி தப்பாக வேலை செய்யலாம்.

பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி பழைய கார் வாங்கி விற்பவர்களிடம் இருக்கும், முடிந்தால் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 மைக்ரானை ஒட்டி, அதற்குச் சற்று மேலே இருக்கும். பட்டி பூசிய இடத்தில் அது பல மடங்கு எகிறும். புது ஃபெண்டர் என்று பில் போட்டுவிட்டுப் பழையதை டிங்கரிங் செய்து பட்டி வைத்திருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் சாதாரணக் கருவி வேலை செய்யாது, அதற்கு அந்தத் தேதி வட்டம்தான்.

குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள் அதையும் மறக்க வேண்டாம். பெரிய மோதலில் அகப்பட்ட இருக்கையை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். உங்கள் பாலிசியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஒர்க்‌ஷாப்காரர்கள் தாமாக அதை எஸ்டிமேட்டில் சேர்க்க மாட்டார்கள்.

மெயில்களுக்குப் பிறகு கம்பெனி வேறொரு சர்வேயரை அனுப்பியது. நல்ல மனிதர், கீழே படுத்தே பார்த்தார், ரெசிஸ்டரை அவரே கழற்றிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார். பெல்ட், பக்கிள், ஹெட்லைட், பீம் எல்லாம் வேறொரு ஒர்க்‌ஷாப்பில், என் கண்முன்னால், கவர் பிரித்து மாட்டினார்கள். பழைய இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தார்களா என்று கேட்டதற்கு "உள் விசாரணை நடக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், பதில் வராவிட்டால் அடுத்து காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன்தான்.

முன்பக்கச் சட்டம் மட்டும் இன்னும் தீரவில்லை. ரிப்பேர் செய்த இடம் சரியான அளவில் இருக்கிறது என்று வாயால் சொல்கிறார்கள், அளந்த தாளைக் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளோடு ஒப்பிட்ட அறிக்கை கைக்கு வரும்வரை அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்கப் போவதில்லை என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.