அடுக்ககத்துக்கு எந்த குளோரின் கிட்: ஓ.டி. சொட்டா, டி.பி.டி. மாத்திரையா?

தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்க்கும் கிட் கடையில் இரண்டு வகை கிடைக்கும். மலிவானது ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) சொட்டு. ஊராட்சி டேங்க் ஆபரேட்டர்கள் குளோரோஸ்கோப் என்று சொல்லிப் பல காலமாகப் பயன்படுத்துவது இதைத்தான். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். டி.பி.டி. மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பாகும். விலை கூடுதல்தான். ஆனாலும் வாரியத் தண்ணீரும் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழும் இடத்துக்கு டி.பி.டி. மட்டுமே சரி.

காரணம் இதுதான். சாக்கடை நீர் கசிந்து கலந்தால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது கிருமியைக் கொல்ல வெகு நேரம் பிடிக்கும். ஓ.டி. சொட்டோ குளோரமினுக்கும் நல்ல மஞ்சள் காட்டும். எச்சரிக்கை தேவைப்படும் நாளில்தான் அது பொய்த் தைரியம் தருகிறது. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போடாமலே மஞ்சள் தட்டும். ஓ.டி. மருந்து நச்சு என்பதால் கையிலும் படக்கூடாது.

டி.பி.டி.யில் 1-ஆம் எண் மாத்திரை கட்டற்ற குளோரினை, அதாவது அம்மோனியாவோடு சேராத குளோரினை மட்டும் காட்டும். அதே குப்பியில் 3-ஆம் எண்ணைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டால் குளோரமினும் சேர்ந்த மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் சம்ப் பக்கத்துச் சாக்கடைத் தொட்டியைத் திறந்து பாருங்கள்.

குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, குப்பியை அலசி, 10 மி.லி. கோடு வரை பிடிக்க வேண்டும். மாத்திரையை விரல் படாமல் பட்டையிலிருந்து நேரே போட்டு, நசுக்கிக் கலக்கி, ஒரு நிமிடத்துக்குள் பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 3-ஆம் எண் போட்ட குப்பியைச் சரியாகக் கழுவாவிட்டால் அடுத்த சோதனையில் கட்டற்ற குளோரின் அளவு பொய்யாக ஏறும். குப்பி இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது.

இதிலும் ஒரு குறை உண்டு, தெரிந்தே ஆக வேண்டும். குளோரின் லிட்டருக்கு 10 மி.கி.யைத் தாண்டினால் இளஞ்சிவப்பு வந்த வேகத்தில் வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் பிளீச்சிங் பவுடர் அள்ளிப் போடுவார்கள். நெடி அடிக்கிறது, நிறம் மட்டும் வரவில்லை என்றால், ஒரு பங்கு தண்ணீரில் ஒன்பது பங்கு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து மறுபடி சோதியுங்கள். வரும் அளவைப் பத்தால் பெருக்க வேண்டும்.

பவுடர் கணக்கு எளிது. 10,000 லிட்டரில் லிட்டருக்கு 1 மி.கி. ஏற்ற 10 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீதப் புதுப் பவுடரில் அது 30 கிராம். பிரித்து வைத்த மூட்டை நாளாக ஆக வீரியம் இழக்கும், அளவு கூடும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டினால் நிம்மதி. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 கேட்கும் குறைந்தபட்ச அளவு 0.2 மி.கி.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கு இதே கிட் இன்னொரு வேலைக்கும் உதவும். கார்பன் ஃபில்டர் தாண்டிய தண்ணீரில் இளஞ்சிவப்பு வந்தால் கார்பன் தீர்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் மெம்பிரேன் போய்விடும்.

வாங்கும்போது பட்டையில் காலாவதித் தேதியையும் ‘ரேபிட்’ என்ற சொல்லையும் பாருங்கள். நிறத்தைக் கருவியால் அளக்கும் ஃபோட்டோமீட்டருக்கான மாத்திரை வேறு.