ஐப்பசி மழையில் ஒரு பண்ணைக் கூடை: ஆனேக்கல் பக்கத்து காய்கறிச் சந்தா எப்படி?

ஐப்பசியில் இந்தக் கூடையைத் திறக்கிறவர்கள் முதலில் கேட்பது "தக்காளி எங்கே?" என்றுதான். பெங்களூருக்கு அருகே, ஆனேக்கல் பக்கம் நாலு ஏக்கரில் நடக்கிற சின்ன இயற்கைப் பண்ணை இது. வாரம் ஒரு கூடை, ஐந்து கிலோ, 450 ரூபாய். நாலு வாரப் பணம் முன்கூட்டியே கட்டணும். தக்காளி வராததற்கே இந்தப் பண்ணைக்கு முதல் மார்க் போடலாம். திறந்தவெளித் தக்காளிக்கு அக்டோபர் மழை ஆகாது. இலை ஈரம் காயாமல் நின்றால் கருகல் நோய் சில நாளில் தோட்டத்தையே முடித்துவிடும். இயற்கை முறையில் அதற்குக் கைவசம் இருப்பது போர்டோ கலவை மாதிரியான தாமிர மருந்து. அதற்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு, அடுத்த மழையில் கழுவிக்கொண்டும் போய்விடும். பசுமைக்குடில் இல்லாதவர் இந்த மாதத்தில் வாராவாரம் பளபளவென்று தக்காளி அனுப்பினால், எந்த மண்டியில் எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

வருவது என்ன? முள்ளங்கி, நூல்கோல், பீன்ஸ், பெங்களூர் கத்தரிக்காய், சுரைக்காய், இரண்டு கட்டு கீரை. முள்ளங்கி கொஞ்சம் அதிகம்தான். மூன்று பேர் உள்ள வீட்டில் வாரம் ஒன்றரை கிலோ முள்ளங்கிக்கு எத்தனை சாம்பார் வைப்பது?

பெரிய குறை கீரையில் இருக்கிறது. மழையில் பறித்த கீரையை ஈரத்தோடு கட்டி, காய்களுக்கு அடியில் வைக்கிறார்கள். மறுநாள் காலை கூடை வீட்டுக்கு வரும்போது கட்டின் நடுவே தண்டு வழவழத்துப் போயிருக்கும். இலையில் ஓட்டை இருந்தால் பரவாயில்லை, பூச்சி தின்ற மிச்சத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். வழவழப்பு இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கூடை வந்ததும் கட்டை அவிழ்த்து, கழுவாமல் ஃபேனுக்கடியில் அரை மணி நேரம் பரப்பி, பழைய பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். கழுவுவதெல்லாம் சமைக்கும்போதுதான். பண்ணையில் கீரையை மேலே வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சொன்னால் தலையாட்டுகிறார்கள், அடுத்த வாரமும் அடியில்தான் வருகிறது.

சான்றிதழ் விஷயம். பண்ணை பி.ஜி.எஸ். இந்தியா முறையில் இருக்கிறது. பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிக்கும் ஏற்பாடு அது. 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றால் ரசாயனத்திலிருந்து மாறிக்கொண்டிருக்கிற நிலம், 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்றால் மாறி முடித்த நிலம். இவர்களிடம் இரண்டும் உண்டு. எந்தக் காய் எதிலிருந்து என்று கூடைச் சீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் வாங்கியதையும் 'பக்கத்துத் தோட்டம்' என்று தனியாகப் போடுகிறார்கள். இந்த நேர்மைக்காகவே கீரையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கார்த்திகை பிறந்ததும் கூடையின் முகமே மாறுகிறது, அவரைக்காயால். நாட்டு அவரை பகல் குறைகிற பருவத்தில்தான் பூக்கும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்.ஏ.3, எச்.ஏ.4 ரகங்களுக்குப் பகல் நீளம் பொருட்டில்லை, எந்த மாதமும் காய்க்கும். கடையில் ஆகஸ்டில் கிடைப்பது அந்த வகை. இங்கே வருவது நாட்டு ரகம். உரித்தால் விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும், சோப்பு போட்டாலும் வாசனை லேசில் போகாது. கன்னடக்காரர்கள் 'சொகடு' என்று கொண்டாடுவது அதைத்தான். ஒரு கிலோ காயை உரித்தால் கொட்டை மூன்றில் ஒரு பங்கு சுமாருக்குத் தேறும், அதை வைத்து விலையைக் கணக்குப் போடுங்கள். காயில் சின்ன ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு இருக்கும். அந்தக் காயைத் தனியாக உரியுங்கள். பிதுக்குப் பருப்புக்கு முற்றிய கொட்டையாகப் பொறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் விரலால் அழுத்தினால் தோல் கழன்று வரும். பிஞ்சுக் கொட்டை அழுத்தினால் நசுங்கிவிடும், அது கூட்டுக்கு.

ராகியைத் தனியாகச் சொல்லிவைத்து வாங்கணும். அறுப்பு நவம்பரில். அறுப்பு நடக்கிற ஞாயிறு சந்தாக்காரர்களும் போகலாம்; ஊர்ப் பெண்கள் அரிவாள் பிடிக்கிற வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது, கதிர்க் கட்டு சுமக்கலாம். ரோட்டில் பரப்பி வண்டி ஏற்றிப் போரடிப்பது பல ஊர்களில் வழக்கம், அந்த ராகியில் கல்லும் தூசும் சேர்ந்துவிடும். இங்கே களத்தில்தான் அடிக்கிறார்கள், கல் குறைவு. ஆனால் இந்த வருஷம் மழையால் சரியாகக் காயவில்லை. இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த ராகி, நசுங்கினால் இரண்டு நாள் வெயிலில் போட்ட பிறகே டப்பாவில் போடணும். மழை நாளில் முளைகட்டி மாவு அரைக்காதீர்கள், முளை காயாமல் மாவு புளித்துக் கசக்கும்.

பச்சை நிலக்கடலையும் தருகிறார்கள். பூஞ்சை பிடித்த பருப்பைத் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நச்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை மார்க். பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி, ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் காலை ஏழுக்குள் வந்துவிடுகிறது. ஒயிட்ஃபீல்டுக்குப் பத்தரை ஆகிறது, அதற்குள் கீரை வாடிவிடும். அங்கே இருப்பவர்கள் கீரை வேண்டாம் என்று சொன்னால் அதே எடைக்கு அவரைக்காய் போடுகிறார்கள், ஆனால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லணும். புதிதாகச் சேருகிறவர்கள் நவம்பர் நடுவில் சேருங்கள், மூன்று பேர் வரை உள்ள வீட்டுக்கு அரைக் கூடை போதும்.