லைட்னர் பெட்டியோடு நான்கு ஆண்டுகள்

ஜெர்மனை மூன்றாம் மொழியாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஐந்தாறு பேருக்கு, சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் துணைப்பாடம் நடத்தி வருகிறேன். இதழியலாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிய அட்டைகளைப் பெட்டியில் வைத்துப் படிக்கும் முறையை நான்கு ஆண்டுகளாக அவர்களிடம் கையாண்டிருக்கிறேன். காலணிப் பெட்டி ஒன்றை ஐந்து அறைகளாகத் தடுத்தால் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதலறைக்கே திரும்பும். முதலறையை நாள்தோறும் எடுக்க வேண்டும், பின்னறைகளுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

முதல் ஆண்டு வீண். அட்டையில் பெயர்ச்சொல்லையும் ஆங்கிலப் பொருளையும் மட்டும் எழுதியதால், பொருள் தெரிந்த மாணவருக்கும் அந்தச் சொல்லுக்கு முன்னே அதன் பாலைக் காட்ட வருவது டேரா (ஆண்பால்), டியா (பெண்பால்), டாஸா (அலிப்பால்) என்று தெரியவில்லை. மறு ஆண்டு ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, அலிப்பாலுக்குப் பச்சை என மை மாற்றி எழுதிய பிறகே நிலைமை சீரானது. பொருளைப் பார்த்துத் திணை சொல்லும் நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ டாஸ் என்றதும், “அப்போ பொண்ணுங்க அஃறிணையா, டீச்சர்?” என்று ஒரு மாணவி சண்டைக்கே வந்துவிட்டாள். ‘ஷென்’ என்னும் குறுமை விகுதி ஏற்ற சொல்லெல்லாம் டாஸ், ‘ட்ஸைட்டுங்’ போல ‘உங்’ விகுதி பெற்ற பெயர்கள் டி என்று விகுதிக்கு ஓர் அட்டை எழுதியது, பல அட்டைகளின் வேலையைச் செய்தது.

இரண்டாவது மாற்றம், பின்பக்கத்தில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழை எழுதியது. குளிரூட்டிய வகுப்பறையில் நடுங்கும் பிள்ளை ஆங்கிலத்து ‘ஐ ஆம் கோல்ட்’ வழியில் யோசித்து ‘இஷ் பின் கால்ட்’ என்கிறது, அதுவோ ஈரமற்ற மனத்தைச் சொல்வதாகவே ஒலிக்கும். ‘எனக்குக் குளிர்கிறது’ என்ற அட்டையைக் கண்டவர்கள், ‘எனக்கு’ இருக்கும் இடத்தில் ‘மீர்’ வைத்து, ‘மீர் இஸ்ட் கால்ட்’ என்று தாமாகவே சொன்னார்கள். நாம் நான்காம் வேற்றுமை என்பதை ஜெர்மன் மரபு மூன்றாவதாக எண்ணுவதால், எண்களை மட்டும் நான் வகுப்பில் சொல்வதே இல்லை.

சொல்வரிசைக்கு இந்தப் பெட்டி உதவாது. ‘வைல்’ (ஏனெனில்) என்று தொடங்கும் காரணத் துணைவாக்கியத்தில் வினை இறுதிக்குப் போகும் என்பதை, வாக்கியத்தைத் துண்டுச் சீட்டுகளாக வெட்டி மேசையில் அடுக்கச் சொல்லித்தான் பழக்கினேன், அதிலும் வினை கடைசியில் வரும் தமிழே கைகொடுத்தது. உச்சரிப்பும் அப்படித்தான். மேலே இரு புள்ளியிட்டு ‘ü’ என எழுதும் ஜெர்மன் ஒலியை, ‘ஊ’வுக்கு உதடு குவித்தபடி ‘ஈ’ சொல்லிப் பழகினால்தான் வரும்.

டிசம்பர் விடுமுறைக்குப் பிறகு முதலறை நிரம்பி வழிவது ஆண்டுதோறும் உள்ள தொல்லை. எம்ஆர்டி ரயிலில் படிக்கலாமே என்று இருவரைக் கைப்பேசிச் செயலிக்கு மாற்றினேன். ஒருவர் நன்றாகத் தொடர்கிறார். மற்றவர் தெரியாத சொல்லுக்கும் ‘எளிது’ என்று அழுத்தியதைக் கண்டுபிடித்து, மறுபடியும் காலணிப் பெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறேன்.