ஹிரா குகை ஜியாரத்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணத்துக்கு)ப் பணம் கட்டப் போகிறீர்களா? வயதான தாயையோ தந்தையையோ அழைத்துப் போகிறீர்களா? ஏஜென்சிக்காரர் கொடுத்த துண்டறிக்கையில் ‘ஹிரா குகை ஜியாரத்’ என்று போட்டிருந்தால், அதற்கு என்ன பொருள் என்று அவரிடம் கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டதால் என் அம்மா பட்ட வேதனை வேறு யாருக்கும் வர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. அத்தா (என் தந்தை) மவுத்தாகி, அதாவது இறந்து, ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஏலச்சீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில்தான் அம்மா உம்ராவுக்குக் கிளம்பினார். கஅபாவுக்கு அடுத்தபடியாக அவர் ஆசைப்பட்டது ஹிராவைப் பார்க்கத்தான். அதற்குக் காரணம் கதீஜா நாயகி (ரலி). கி.பி. 610இல் அந்தக் குகையில் ‘இக்ரஃ’ (ஓதுவீராக) என்ற முதல் வஹீ (இறைச்செய்தி) இறங்கியதும், நடுநடுங்கி வீடு வந்து ‘என்னைப் போர்த்துங்கள்’ என்று சொன்ன நபி (ஸல்) அவர்களைப் போர்த்தித் தேற்றியவர் நாயகிதான். குகையில் தனித்திருந்த நாட்களில் கணவருக்கான உணவைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வீடும் அதுதான். “அந்த மலையில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டால் போதும் தம்பி” என்று அம்மா பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஏஜென்சிக்காரரிடமும் இதைச் சொன்னோம். “அம்மா, உங்கள் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட ஆள் இருக்கிறது” என்றார். துண்டறிக்கையின் அட்டையிலேயே குகை வாசலின் படம். நம்பினோம்.

ஜியாரத் நாளன்று, அதாவது புனித இடங்களைச் சுற்றிப் பார்க்கும் நாளன்று, பஜ்ருக்குப் (அதிகாலைத் தொழுகைக்குப்) பிறகு பஸ் கிளம்பியது. தவ்ர் மலை, அரஃபா, முஸ்தலிஃபா, மினா என்று சுற்றிவிட்டு, ஹிரா குகை இருக்கும் ஜபலுன் நூர் மலை தெரியும் சாலையோரத்தில் நின்றது. “அதோ, உச்சிக்குச் சற்றுக் கீழேதான் குகை. துஆ (பிரார்த்தனை) செய்துகொள்ளுங்கள், பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும்” என்றார் வழிகாட்டி. அம்மா என்னைப் பார்த்தார். மேலே ஏறுவது எப்போது என்று கேட்டேன். அது இந்தப் பயணத்தில் அடங்காதாம். வேண்டுமானால் இரவில் தனிக்குழு உண்டு, தலைக்கு 150 ரியால் என்றார்கள். இருவருக்கும் சேர்த்து நம் பணத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். அம்மா சுருக்குப்பையை அவிழ்த்துவிட்டார். அதன் பிறகு பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

பின்னிரவு இரண்டு மணிக்கு வேனில் பதினான்கு பேர். ஹரமிலிருந்து (கஅபா உள்ள பள்ளிவாசலிலிருந்து) மலையடிவாரம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் இறக்கிவிட்டு, படிகள் தொடங்கும் இடம் வரையுள்ள செங்குத்தான சாலைக்கு வேறு வண்டி, அதற்குத் தனிக்காசு என்றார்கள். படிகள் ஆயிரத்துக்கும் மேல். ஒன்று போல் ஒன்று இல்லை. சில முழங்கால் உயரம். வழிகாட்டி முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார், கையைப் பிடிக்க யாரும் இல்லை. மூன்றில் ஒரு பங்குகூட ஏறியிருக்க மாட்டோம், அம்மாவின் முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. வழிகாட்டி இறங்கி வந்து அம்மாவின் அருகே உட்கார்ந்தார். “கவலைப்படாதீர்கள் அம்மா. மவுத்தானவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். நான் குகைக்குள் உங்களுக்குப் பதிலாக இரண்டு ரக்அத் தொழுது, அந்தப் பெயரைச் சொல்லி துஆ கேட்டு, குகை மண்ணும் எடுத்து வருகிறேன். 100 ரியால் போதும்” என்றார். நான் தடுத்தேன். அம்மா கேட்கவில்லை. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நடுங்கும் கையால் அத்தாவின் பெயரை அவரே எழுதினார். இருபத்தைந்து நிமிடத்தில் அந்த ஆள் ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார். தொழுதாகிவிட்டது என்றார். அம்மா பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்குச் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. மறுநாள் அம்மாவை ஹரமில் விட்டுவிட்டு அஸருக்குப் (பிற்பகல் தொழுகைக்குப்) பிறகு தனியாக வந்து ஏறினேன். அம்மா உட்கார்ந்த அதே பாறையிலிருந்து உச்சிக்கு எனக்கே நாற்பது நிமிடம் பிடித்தது. உச்சியோடு முடிவதில்லை: மறுபக்கம் சற்று இறங்கி, பாறைகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கி நுழைந்தால்தான் குகை. சுமார் பன்னிரண்டு அடி நீளம், ஐந்தடிக்குச் சற்று அதிகமான அகலம். ஓரிருவர்தான் நின்று தொழ முடியும், வெளியே வரிசை நிற்கிறது. போகவும் வரவும் தொழவும் சேர்த்து இருபத்தைந்து நிமிடத்தில் முடியவே முடியாது. அந்த ஆள் ஒரு வளைவு தாண்டி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பொட்டலத்தில் இருந்தது வழியில் அள்ளிய மண்.

அன்று சாதாரண டாக்ஸியில் போய், சிறு வண்டியில் படி வரை ஏறி, அதேபோல் திரும்பியதற்கு எனக்கு ஆன மொத்தச் செலவு 50 ரியால். வழிகாட்டியே தேவைப்படவில்லை. படி நெடுக ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும்தான் இருக்கிறார்கள்.

மார்க்கம் தெரிந்தவர்கள் நம் பெரியவர்களுக்கு முன்பே விளக்கிச் சொல்ல வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். இஹ்ராம் நிலைக்கு வருதல், கஅபாவைச் சுற்றும் தவாஃப், ஸஃபா-மர்வா குன்றுகளுக்கு இடையே நடக்கும் ஸயீ, முடி களைதல், இவைதான் உம்ரா. ஹிராவில் ஏறுவது அதில் சேராது. ஏற முடியாதவருக்கு எந்தக் குறையும் இல்லை. உயிரோடிருக்கும் ஒருவருக்காக இன்னொருவர் கூலிக்குத் தொழ மார்க்கத்தில் இடமில்லை. மவுத்தானவருக்காக துஆ கேட்க மலை ஏறவும் வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம்; ஹரமில் அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலேயே கேட்கலாம். இதை ஊரிலேயே உட்கார வைத்து நான் சொல்லியிருந்தால் அந்தத் தாளில் அத்தாவின் பெயர் ஏறியிருக்காது. ஏறித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் அஸருக்குப் பிறகோ பஜ்ருக்கு முன்போ போங்கள், தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்களை அடிவாரத்தில் 2023இல் திறந்த ஹிரா கலாசார வளாகத்துக்கு அழைத்துப் போகலாம். வஹீ பற்றிய கண்காட்சியும் குர்ஆன் அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. அப்படி ஓர் இடம் இருப்பதையே எங்கள் ஏஜென்சி சொல்லவில்லை. நாங்கள் மதீனாவுக்குக் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஊர் திரும்பியதும் நேரில் போய்க் கேட்டேன். “ஜியாரத் என்றால் பார்ப்பது என்றுதானே பொருள், மலையைக் காட்டினோமே” என்றார் ஏஜென்சிக்காரர். வழிகாட்டி அங்கே அமர்த்திய ஆளாம், இவருக்குச் சம்பந்தம் இல்லையாம். 300 ரியாலுக்கு ரசீது கேட்டார், என்னிடம் இல்லை. 100 ரியாலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அம்மா பக்கத்தில் இருந்தார். அந்தப் பொட்டலம் இன்னமும் அத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. உண்மையைச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் வாசலில் ரமலான் உம்ராவுக்கான துண்டறிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஏஜென்சி, அட்டையில் அதே குகை வாசல்.